உதவித்தொகை இல்லாமல் சேராதே

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். செங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள், எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவள். நான் வந்திருப்பது தெரிந்ததும் செல்போனைக் கையில் பிடித்தபடி வந்துவிட்டாள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் மூன்றாவது வகையில் தேறியிருக்கிறாள். அதாவது முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரலாம், ஆனால் மாதாமாதம் பணம் எதுவும் வராது. ஒரு கல்லூரியில் இடம் தருவதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது, ஆண்டுக் கட்டணம் நாம்தான் கட்ட வேண்டும். "தியரி பிசிக்ஸ்தானே அக்கா, லேப் எதுவும் வேண்டாமே, செலவே கிடையாதே, சேர்ந்துரட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். முகம் வாடிப்போனது. அவள் அம்மாவும் கூட வந்திருந்தார்கள், "நீயே இப்படிச் சொல்லுதியே" என்று வருத்தப்பட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினேன், இருந்தாலும் பாதிதான் சொன்ன மாதிரி இருந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன், அவளைப் போல இன்னும் பல பேர் இருப்பார்கள்.

முதலில் என் கதை கொஞ்சம். அப்பா லாரி ஓட்டுநர். பாவூர்சத்திரம் காய்கறியும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு புளியரை சோதனைச் சாவடி தாண்டி, ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொல்லம் வரை போவார். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்தான், எங்கள் ஆச்சி இன்றும் திருவனந்தபுரத்தைத் தலைநகரம் என்றுதான் சொல்வாள். அதனால் கேரளத்தில் ஆய்வுக்கு இடம் கிடைத்தபோது வீட்டில் யாரும் "அவ்வளவு தூரமா" என்று கேட்கவில்லை. கேட்டது வேறு. "ஆறு வருஷமா? அதுவரைக்கும் சம்பளம்?" அது நியாயமான கேள்வி. அப்பா அதைக் கேட்டதற்காக ஒருநாளும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

கோட்பாட்டு இயற்பியலுக்குச் செலவில்லை என்று சொல்பவர்கள் கருவிகளை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். எங்களுக்கு வெற்றிடப் பம்பு வேண்டாம், லேசர் வேண்டாம், திரவ ஹீலியம் வேண்டாம், உண்மைதான். தாள், பேனா, ஒரு மடிக்கணினி போதும். ஆய்வுக் கட்டுரைகள் கூட 1991 முதல் ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, நான் குவாண்டம் இயற்பியலை ஒழுங்காகப் புரிந்துகொண்டதே ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணனின் என்பிடெல் இணையப் பாடக் காணொளிகளை இரவில் மொட்டைமாடியில் சிக்னல் கிடைக்கும் மூலையில் உட்கார்ந்து பார்த்துத்தான். ஆனால் இந்தத் துறை கேட்பது நேரம். வேறு எதையும் யோசிக்காமல் ஒரே கேள்வியோடு மாதக்கணக்கில் இருக்கும் நேரம். அந்த நேரத்துக்கு வாடகை உண்டு, அதை யாராவது கொடுத்தாக வேண்டும்.

என்னுடைய கேள்வி என்ன என்று சொன்னால்தான் இது புரியும். ஒரு பெரிய சதுரங்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள், எல்லையே தெரியாத அளவு பெரியது. ஒவ்வொரு கட்டத்தையும் ஏதோ ஒரு நிகழ்தகவின்படி திறந்ததாகவோ அடைத்ததாகவோ வைக்கிறோம். திறந்த கட்டங்கள் வழியாக மட்டும் தண்ணீர் போகலாம். மேலே ஊற்றும் தண்ணீர் கீழே வந்து சேருமா? நிகழ்தகவு குறைவாக இருக்கும்வரை வராது. 0.5927 என்ற எண்ணைத் தாண்டியதும் வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, அந்த ஒரே இடத்தில் நிலைமை மாறிவிடும். இதற்குப் பெர்கோலேஷன் என்று பெயர், 1957-ல் பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்ற இருவர் தொடங்கி வைத்தது. கட்டங்களுக்குப் பதிலாகக் கட்டங்களை இணைக்கும் கோடுகளைத் திறந்து மூடினால் அந்த எண் சரியாகப் பாதி, அதை 1980-ல் கணிதவியலாளர் கெஸ்டன் நிரூபித்தார். ஆனால் கட்டங்களுக்கான 0.5927-க்கு இன்றுவரை துல்லியமான சூத்திரம் கிடையாது, கணினியில் போட்டுப் பார்த்துத்தான் தெரியும். இவ்வளவு எளிமையாகக் கேட்கக்கூடிய ஒன்றுக்கு விடை இல்லை என்பதை முதலில் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதை ஆச்சியிடம் சொன்னபோது அவள் சொன்னது, "குத்தாலத்துல மழை பெஞ்ச உடனேயா அருவி விழுது? மல ஊறணும்லா. ஊறிட்டுன்னா ஒரு ராத்திரில விழுந்துரும்." மலையின் கணக்கு இன்னும் சிக்கலானதுதான், இருந்தாலும் என் நெறியாளர் முதல் நாள் கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்கியதன் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

சரி, இந்த மாதிரிக் கேள்வியில் வேலை எப்படி நடக்கும்? எட்டு மாதம் ஒரு வழியில் போனேன். அந்த எண் இதற்குக் கீழே இருக்க முடியாது என்று ஒரு வகைப் பலகைக்குக் காட்டப் பார்த்தேன். எட்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், என்னுடையதைவிட நல்ல விடை வேறொரு நாட்டிலிருந்து ஆர்க்கைவில் வந்துவிட்டது. என் வேலை முழுக்க வீண் என்று அன்று அழுதேன். அந்த எட்டு மாதத்தில் கற்ற ஒரு உத்திதான் பிறகு ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் ஆனது, ஆனால் அப்படி ஆவதற்கு இன்னொரு ஒன்றரை வருடம் பிடித்தது. அந்த ஒன்றரை வருடம் நான் தாங்கியதற்குக் காரணம், மாதாமாதம் கணக்கில் 35,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. காலையில் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு மாலையில் டியூஷன் எடுத்துவிட்டு இரவு பத்து மணிக்கு அந்தத் தாளை எடுத்திருந்தால் நிச்சயம் விட்டிருப்பேன். அறிவு போதாமல் இல்லை, களைப்பில் விட்டிருப்பேன்.

"மேதைக்குப் பணம் எதுக்கு" என்று சொல்பவர்கள் உண்டு. இயற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-ல் பத்தொன்பது வயதில் கப்பலில் கேம்பிரிட்ஜ் போகும் வழியில்தான் வெண்குறுமீன்களின், அதாவது எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன்களின், நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்ற கணக்கைப் போட்டார், சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு என்று இன்று நாம் படிப்பது. 1983-ல் நோபல் பரிசு வந்தது. எல்லோரும் கப்பலை நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கப்பலில் அவர் ஏறியது இந்திய அரசின் உதவித்தொகையில். வசதியான வீட்டுப் பிள்ளைக்கே அது தேவைப்பட்டது. சென்னையில் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே மாணவர்களை உட்காரவைத்துக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார், 1960-ல் அணு இயற்பியல் மேதை நீல்ஸ் போரே வந்து பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவு பெயர் வந்த பிறகும் வீட்டிலேயே நடத்தினால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை, நிறுவனம் வேண்டும் என்று நின்று 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனத்தைக் கொண்டுவந்தார். இன்று தரமணியில் இருக்கும் அந்த இடத்தில் ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு.

இப்போது கணக்குக்கு வருகிறேன், இதைத்தான் அந்தப் பெண் எழுதி வைத்துக்கொண்டாள்.

2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது. முதல் வகை ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, பணம் உண்டு. இரண்டாவது உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் பட்டச் சேர்க்கையும். மூன்றாவது சேர்க்கை மட்டும். பின்னவை இரண்டும் சேர்க்கைக்கு ஒரு வருடம்தான் செல்லும், அதனால்தான் "இந்த வருஷம் விட்டா போச்சு" என்று அவசரப்படுகிறார்கள். அந்த அவசரத்தில்தான் கட்டணம் கட்டிச் சேருகிறார்கள். ஒரு வருடம் போனால் போகட்டும், தேர்வைத் திரும்ப எழுதலாம். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிற தேர்வு அது. சம்பளமில்லாத ஆறு வருடத்தைத் திரும்ப வாங்க முடியாது.

ஜேஆர்எஃப் 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, அடுத்த மூன்று ஆண்டு 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வாடகைப்படி தனி. நான் 2018-ல் சேர்ந்தபோது 25,000-தான், 2019-ல் 31,000 ஆனது. ஜேஆர்எஃப் ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். ஐஐடிகளிலும் ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி நிறுவனங்களிலும் சேர்ந்தால் நிறுவனமே ஏறக்குறைய இதே அளவு கொடுக்கும், ஐஐடியில் அதற்குப் பதிலாக இளநிலை மாணவர்களின் பயிற்சி வகுப்பையோ செய்முறையையோ பார்த்துக்கொள்ள வேண்டும், அது நல்ல பழக்கமும் கூட. கேட் தேர்வு மதிப்பெண்ணை வைத்தே அங்கே விண்ணப்பிக்கலாம். ஜெஸ்ட் என்று இயற்பியலுக்கு ஒரு கூட்டுத் தேர்வு இருக்கிறது, தரமணி நிறுவனம், புனேயின் வானியல் நிறுவனமான ஐயுகா, பிரயாக்ராஜின் ஹரிஷ்-சந்திரா நிறுவனம் எல்லாம் அதை எடுத்துக்கொள்கின்றன. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் ஜெஸ்ட் என்ற பெயரையே பல பேர் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழக முதலிடம் வாங்கியவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாதவர்களுக்கு மாதம் 8,000 என்று ஒன்று இருக்கிறது, அதை நம்பி ஊரை விட்டுப் போகாதீர்கள், அறை வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் சரியாகப் போய்விடும்.

நெறியாளரின் திட்டத்தில் ஜேஆர்எஃப் என்றும் சொல்வார்கள். அது அவருக்கு வந்த திட்டப் பணம், திட்டம் முடிந்தால் அதுவும் முடியும், பெரும்பாலும் மூன்று ஆண்டு. சேரலாம், ஆனால் மூன்றாண்டுக்குப் பிறகு என்ன என்பதைச் சேர்வதற்கு முன்பே நேராகக் கேளுங்கள். கேட்டால் தவறாக நினைப்பாரோ என்று நாம் தயங்குவோம். நல்ல நெறியாளர் தவறாக நினைக்க மாட்டார். என் நெறியாளரிடம் நான் கேட்டேன், இதற்கு முன் உங்கள் மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், ஆறாவது வருடம் எப்படிச் சமாளித்தார்கள் என்று. ஒவ்வொரு மாணவராக நினைவுபடுத்திப் பதில் சொன்னார். அன்றைக்கே இவரிடம் சேரலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் நாம் வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் அட்டை மத்தியத் தேர்வுகளுக்கு ஓபிசி சான்றிதழ் ஆகாது. மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவினர் இல்லை என்று குறிப்பிட்டு, தனியாக வாங்க வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். எந்தச் சாதி எந்தப் பட்டியலில் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அம்மாவின் ஊர் ஆரியங்காவு, அப்பாவின் ஊர் செங்கோட்டை என்று இருக்கும் எங்கள் மாதிரிக் குடும்பங்களில் எந்த ஊர்ச் சான்றிதழ் என்று குழம்பி நாள் போகும். நான் நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்புதான் அதைக் கையில் வாங்கி, அப்படியே பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினேன். நீங்கள் விண்ணப்பம் போடும் அன்றே அதையும் போட்டுவிடுங்கள்.

அப்புறம் பணம் வரும் விதம். உத்தரவு வந்துவிட்டது என்றால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எனக்கு முதல் தொகை ஏழு மாதம் கழித்து வந்தது. சேர்ந்த அறிக்கையில் ஒரு கையெழுத்து இல்லை, அந்தத் தாள் ஒரு மேசையில் கிடந்தது, அங்கே இருந்தவர் மாறிப் போயிருந்தார், யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆறாவது மாதம் நானே போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. அந்த ஏழு மாதமும் அம்மாவின் வளையல் அடகில் இருந்தது. நிலுவை மொத்தமாக வந்த அன்று முதலில் செய்தது அதை மீட்டதுதான். சேரும்போது கையில் ஆறு மாதச் செலவுக்கு ஏதாவது ஏற்பாடு இருக்க வேண்டும், இதை யாரும் அறிவிப்பில் போடுவதில்லை.

2020 மார்ச்சில் எல்லாம் அடைத்தபோது ஊருக்கு வந்துவிட்டேன். புளியரையில் பாஸ் இல்லாமல் யாரும் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போக முடியாது. அப்பாவுக்கு லோடு பாதியாகக் குறைந்தது. மாடியில் உட்கார்ந்து நான் பெர்கோலேஷன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், வீடு என் உதவித்தொகையில் ஓடியது. பொண்ணு என்னதான் படிக்கிறாள் என்று கேட்ட தெருக்காரர்களிடம் அப்பா, "அவ வேலைக்குத்தான் போறா, கவர்மெண்ட் சம்பளம் கொடுக்கு" என்று சொன்னதைக் கேட்டேன். உதவித்தொகை என்ற சொல்லில் யாரோ இரக்கப்பட்டுத் தருவது போன்ற ஒரு ஒலி இருக்கிறது. அப்பா சொன்னதுதான் சரி. ஆய்வு வேலை, அதற்குக் கூலி உண்டு.

கடைசி வருடம் பற்றி யாரும் முன்கூட்டியே எச்சரிக்கவில்லை, அதனால் நான் எச்சரிக்கிறேன். உதவித்தொகை ஐந்து ஆண்டு. 2022-ல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டு வரை அனுமதி, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு உண்டு. காலத்தைத்தான் நீட்டுகிறார்கள், பணத்தை இல்லை. எனக்கு 2023 ஆகஸ்ட்டில் நின்றது, ஆய்வேட்டை 2024 மார்ச்சில்தான் கொடுத்தேன். நடுவில் ஏழு மாதம் சனி, ஞாயிறுகளில் தென்காசியில் நீட் மாணவர்களுக்கு இயற்பியல் எடுத்தேன். வெள்ளி மாலை கொல்லம் ரயிலில் ஏறி, பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டும்போது வினாத்தாள் திருத்தி, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை அத்தியாயம் எழுதினேன். மூன்று மாதத்தில் முடிய வேண்டிய எழுத்து அப்படித்தான் ஏழு மாதம் ஆனது. நாலாவது வருடத்திலிருந்தே மாதம் ஐயாயிரமாவது ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பியது போக மிச்சம் பிடிப்பது கஷ்டம்தான், எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

வெளிநாடு பற்றியும் கேட்டாள். அமெரிக்காவில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குப் பொதுவாகக் கட்டணம் தள்ளுபடி, பாடம் எடுக்கும் வேலையும் சம்பளமும் உண்டு. ஜெர்மனியில் பல இடங்களில் ஆய்வு மாணவர் ஒப்பந்த ஊழியராகவே இருப்பார். ஆனால் வாசலிலேயே செலவு. ஒரு பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கே நூறு டாலர் வரை ஆகும், பத்து இடம் போட்டால் எங்கள் வீட்டின் பல மாதச் செலவு. கட்டண விலக்கு கேட்டு எழுதுங்கள், பல இடங்களில் தருகிறார்கள், கேட்டால்தான் தருவார்கள். இத்தாலியின் திரியெஸ்தேயில் பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-ல் தொடங்கிய ஐசிடிபி என்ற பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம் இருக்கிறது, வளரும் நாட்டு மாணவர்களுக்கு ஒரு வருட டிப்ளமா உண்டு, தங்குவது, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எம்.எஸ்சி.யில் அடித்தளம் போதவில்லை என்று நினைப்பவர்களுக்கு அதைவிட நல்ல பாலம் எனக்குத் தெரிந்து இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு அவள் கேட்டாள், "அப்ப ஒரு வருஷம் வீட்ல சும்மா இருக்கவா அக்கா? மாமா வீட்ல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருவாங்க." இதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. அவள் அம்மாவிடம்தான் பேசினேன். ஒரு வருடம் கொடுங்கள், அவள் மூன்றாம் வகையில் தேறியதே கல்லூரியில் யாரும் வழிகாட்டாமல், அதை நீங்கள் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள் என்றேன். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. "அவிய அப்பாட்ட கேக்கணும்" என்றார்கள். மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது தெருவில் நிறுத்தி, "டிசம்பர் பரீட்சை வரைக்கும் பேச்சு எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாவ" என்றார்கள்.

நெட் தேர்வில் மூன்றாவது பகுதியான பகுதி சி-யில்தான் அவளுக்கு மார்க் போயிருக்கிறது. முப்பது கேள்வியில் இருபது எழுதினால் போதும், ஒவ்வொன்றும் ஐந்து மார்க், தப்பானால் கால் பங்கு குறையும். அவள் முப்பதையும் தொட்டுப் பார்த்து நேரத்தை விட்டிருக்கிறாள். புள்ளியியல் இயற்பியலும் குவாண்டமும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் முதல் வகுப்பு. சிக்னலுக்கு எங்கள் மொட்டைமாடியின் அந்த மூலைக்கே வந்து உட்காரச் சொல்லி அம்மாவிடம் மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.